கம்போடியா போய் வந்த பேபி

பேபிக்கு ஐம்பத்தேழு வயது. பெயர் வைத்தவர்கள் அவள் வளர்வாள் என்று யோசிக்கவில்லை போலிருக்கிறது. இரும்புலியூரில் பிறந்தாள், நாலு தெரு தள்ளியிருந்த குப்பனைக் கட்டிக்கொண்டாள், ஒரே மகளை வாலாஜாபாத்தில் கட்டிக் கொடுத்தாள். தாம்பரம் மார்க்கெட்டுக்கு வடக்கே அவளுக்கு வேலையே இருந்ததில்லை. குரோம்பேட்டை கூட அவளுக்கு வெளியூர்தான்.

மேற்குத் தாம்பரத்தில் எலியேசர் சார் வீட்டில் பத்தொன்பது வருஷமாகச் சமையல். சார் அரசாங்க ஆபீஸில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு முழுநேரமாக மனு எழுதினார். தெருவிளக்கு எரியாவிட்டால் ஒரு மனு, பகலிலும் எரிந்தால் இன்னொரு மனு. அவர் மனைவி பியூலா டீச்சர் முப்பத்தொரு வருஷம் பூகோளம் நடத்தியவர். மகள் ஜோவிதா கனடாவில் இருந்தாள். ஆகவே அந்தப் பெரிய வீட்டில் இரண்டு பேரும், சாப்பாட்டு நேரத்தில் பேபியும்தான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் சாரின் செல்போனுக்குள் ஒரு தாடிக்காரர் வந்து சேர்ந்தார். ஆற்றங்கரையில் நாற்காலி போட்டு, இளநீரை உறிஞ்சிக்கொண்டே அவர் பேசுவார். "நண்பர்களே, இந்த வீடு, இந்தக் காத்து, மூணு வேளை சாப்பாடு, எல்லாம் சேர்த்து நாப்பதாயிரம். கம்போடியாவுல நீங்க ராஜா!" சார் அவரைக் காலையில் ஒரு முறையும் மதியம் சாப்பிடும்போது ஒரு முறையும் கேட்பார். குழம்பைத் தாளித்துக்கொண்டே பேபியும் கேட்பாள். ஒரு மாதத்தில் தாடிக்காரர் இளநீரில் எப்போது வாயை வைப்பார், எப்போது எடுப்பார் என்பது வரை அவளுக்கு மனப்பாடமாகிவிட்டது.

ஒரு நாள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு சார் ஆரம்பித்தார். "பியூலா, நம்ம பென்ஷன் இங்கதான் பென்ஷன். அங்க போனா அது சம்பளம்."

"அங்க போய் என்ன பண்றது?"

"ஒண்ணும் பண்ண வேணாம். அதுக்குத்தான் போறோம்."

டீச்சர் மோர் ஊற்றிக்கொண்டார். "கம்போடியா. தலைநகரம் புனோம் பென். முக்கிய ஆறு மேகாங். முக்கியப் பயிர் நெல். முப்பத்தொரு வருஷம் சொல்லிக் குடுத்திருக்கேன். ஒரு நாளாவது அங்க போகணும்னு எனக்குத் தோணினதே இல்ல."

"உனக்கு மேப்புல இருந்தா போதும்."

"ஆமா. அங்கதான் கொசு கிடையாது."

இந்த வாதம் மூன்று வாரம் நடந்தது. கடைசியில் டீச்சர் களைத்துப்போய் ஒரு நிபந்தனை போட்டார். "பேபி வந்தா நான் வர்றேன். இல்லன்னா நீங்க மட்டும் போய் ராஜாவா இருங்க."

சமையலறையில் பேபியின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

"மூணு மாசம் போதும் பேபி," என்றார் சார். "எங்களை செட்டில் பண்ணி விட்டுட்டு நீ திரும்பிடலாம். சம்பளம் டபுள்."

"எங்கூட்டுக்காரரக் கேக்கணும் சார்."

குப்பனுக்குப் பெருங்களத்தூரில் ஒரு அப்பார்ட்மென்டில் இரவுக் காவல் வேலை. காலை எட்டரைக்கு வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, கட்டிலில் விழுந்தால் மாலை நாலு மணிக்குத்தான் எழுவான். விஷயத்தைச் சொன்னதும் கொஞ்சம் யோசித்தான்.

"போய்ட்டு வாயேன்மே. நீ இருந்தாலும் நான் தூங்கினுதான் இருப்பேன். இல்லாங்காட்டியும் தூங்கினுதான் இருப்பேன்."

"சோத்துக்கு?"

"அபார்ட்மெண்ட்ல கேட்டா இன்னாவாது குடுப்பாங்க. கம்போடியான்னா எங்க கீது, செங்கல்பட்டு தாண்டியா?"

"ரொம்பத் தாண்டி."

பாஸ்போர்ட் எடுக்கும்போது பேபியின் பெயரைப் பார்த்து ஆளாளுக்கு ஒரு முறை தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். அதெல்லாம் பெரிதில்லை. டிக்கெட்டில்தான் பேஜாராகிவிட்டது. குரோம்பேட்டையில் ரவி என்பவர் டிராவல்ஸ் வைத்திருந்தார். சார் அவருக்குப் போன் செய்து, "நானு, என் மிசஸ், அப்புறம் பேபி," என்று சொல்லியிருந்தார். டிக்கெட் வந்தது. பேபியின் டிக்கெட் மட்டும் நம்ப முடியாத அளவுக்கு மலிவாக இருந்தது. மலிவு என்றால் சார் கேள்வி கேட்கமாட்டார். டீச்சர்தான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துப் பார்த்து, சாரையும் பேபியையும் ஆட்டோவில் ஏற்றிக் குரோம்பேட்டைக்குக் கூட்டிப் போனார்.

ரவி எழுந்து வரவேற்றார். "வாங்க சார். குழந்தைய வீட்ல விட்டுட்டு வந்துட்டீங்களா?"

"எந்தக் குழந்தை?"

"பேபி சார். பேபிக்கு எத்தன மாசம் ஆகுது? ரெண்டு வயசுக்குள்ளன்னா தனி சீட் வேணாம், மடியில வெச்சுக்கலாம்."

பேபி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். "நான்தாம்பா பேபி."

ரவி அவளைப் பார்த்தார். பிறகு டீச்சரின் மடியைப் பார்த்தார்.

"டீச்சரம்மாவுக்கு ஏற்கெனவே முட்டி வலி," என்றாள் பேபி. "ஒரு சீட்டு போட்டுக் குடுத்துடு நைனா."

வேறு டிக்கெட் போட்டுக் கொடுத்தார்கள். குரோம்பேட்டையிலிருந்து தாம்பரம் வரும்வரை டீச்சர் ஆட்டோவில் சிரித்துக்கொண்டே வந்தார். சார் மட்டும் சிரிக்கவில்லை. மலிவு டிக்கெட் கைவிட்டுப் போன துக்கம்.

சர்ச்சில் வழியனுப்பு விழா வைத்தார்கள். சாருக்குச் சால்வை, டீச்சருக்குச் சுவர்க் கடிகாரம், இரண்டு பேருக்கும் ஒரு நீண்ட ஜெபம். டீச்சர் பாடும் பாடகர் குழுவில் ஜெரூஷா என்ற பெண் பாட்டின் நடுவிலேயே அழுதுவிட்டாள். வீட்டை யக்ஞநாராயணன் என்பவருக்கு வாடகைக்கு விட்டார்கள். மெல்லப் பேசும், எதையும் இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போடும் மனிதர். அவர் பாதியில் காலி செய்துவிட்டுப் போய்விடக் கூடாதே என்று சார் தானே ஒப்பந்தம் எழுதினார். 'பதினோரு மாதம் முடியும் வரை எக்காரணம் கொண்டும் எத்தரப்பும் இதை முறிக்கலாகாது' என்ற வரிக்குக் கீழே கோடு வேறு போட்டார்.

ஆகஸ்டில் கிளம்பினார்கள்.

அவர்கள் போய்ச் சேர்ந்தது கம்போட் என்ற ஆற்றங்கரை ஊர். வீடு நன்றாகத்தான் இருந்தது. ஆறு இருந்தது, காற்று இருந்தது, இளநீரும் இருந்தது. சார் முதல் வாரம் ஆற்றங்கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். இரண்டாவது வாரம் நாற்காலியை வீட்டுக்குள் எடுத்து வந்துவிட்டார்.

பேபிக்கு முதல் நாளே மார்க்கெட் பிடித்துவிட்டது. அங்கே பெண்கள் இரவில் போடும் பைஜாமாவோடு பட்டப்பகலில் காய் வாங்க வந்தார்கள். இரும்புலியூரில் நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு பால் வாங்கப் போகும் ஊர்க்காரிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? புளி இருந்தது, கத்திரிக்காய் இருந்தது. கருவாட்டுக்கு அண்ணன் போல ஒரு மீன் விழுது இருந்தது. அதன் வாசனையில் டீச்சர் முகத்தை மூடிக்கொண்டார், பேபி மட்டும் கிட்டே போய் மோந்து பார்த்தாள்.

பாஷையும் வந்துவிட்டது. சார் செல்போனில் பாடம் படித்துக்கொண்டிருந்தார். பேபி மீன்காரம்மாவின் விரல்களைப் பார்த்துப் படித்தாள். "சார், இவங்களுக்கு அஞ்சுக்கு மேல எண்ணிக்கையே இல்ல. ஆறுக்கு அஞ்சு ஒண்ணு, ஏழுக்கு அஞ்சு ரெண்டு. ப்ராம் முய், ப்ராம் பி. அவ்ளோதான். எம்மாம் சுளுவு பாருங்க." சார் குறிப்பேட்டை மூடி வைத்தார்.

பேபிக்கு இன்னொன்றும் பிடித்திருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. இரும்புலியூரில் காலை ஐந்து மணிக்கு ஒருத்தி சர்க்கரை கேட்டு வருவாள், ஆறு மணிக்கு ஒருத்தி மாமியார் சண்டையைச் சொல்ல வருவாள். மகப்பேறு, மஞ்சள் காமாலை, ரேஷன் அட்டை எல்லாவற்றுக்கும் பேபிதான். இங்கே கதவை யாரும் தட்டவில்லை. மதியம் பாத்திரம் கழுவிவிட்டுப் பின்கட்டுப் படியில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை உட்கார்ந்திருக்கலாம். முதல் பத்து நாள் கை எதையாவது தேடிக்கொண்டே இருந்தது. பதினோராவது நாள் தேடவில்லை.

சாருக்குத்தான் நாள் நகரவில்லை. ஊர் நன்றாக இருந்ததுதான் அவருடைய சங்கடம். அங்கேயும் குறை இல்லாமல் இல்லை, ஆனால் அதை எந்த ஆபீஸுக்கு, எந்தப் பாஷையில் எழுதுவது? ஒரு சந்தர்ப்பம் வந்தது. பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்குத் தெருவை அடைத்துப் பந்தல் போட்டு, காலை ஐந்து மணிக்கு ஒலிபெருக்கியை அலறவிட்டார்கள். சார் உற்சாகமாக எழுந்தார். நான்கு பத்தியில் ஒரு மனு எழுதி, செல்போனைக் கொண்டே அந்த ஊர்க் கெமர் மொழியில் மாற்றி, அச்செடுத்து, பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்தார். அவர் படித்தார். கண் கலங்கினார். இரண்டு கையையும் கூப்பி சாரைக் கும்பிட்டு, ஒரு தட்டு நிறையப் பனைவெல்லப் பலகாரமும் கல்யாணப் பத்திரிகையும் கொடுத்து அனுப்பினார்.

"என்னதான் எழுதினீங்க?" என்றார் டீச்சர்.

"கடுமையாத்தான் எழுதினேன்," என்றார் சார் பரிதாபமாக.

கல்யாணத்தில் பேபி ஆடினாள். டீச்சர் கூட ஒரு சுற்று ஆடினார். சார் முன்வரிசையில், மரியாதைக்குரிய விருந்தாளியாக, ஒலிபெருக்கிக்கு நேர் எதிரில் உட்கார வைக்கப்பட்டார்.

அதற்கு மறுநாள் அவர் பேபியிடம் சொன்னார். "இங்க நம்மள யாருக்கும் தெரியலயே, பேபி."

"அதான் சார் நல்லா கீது," என்றாள் பேபி. சொன்ன பிறகுதான் சாரின் முகத்தைப் பார்த்தாள். இரண்டாவது டம்ளர் டீ ஊற்றிக் கொடுத்தாள்.

அக்டோபர் கடைசியில் யக்ஞநாராயணன் போன் செய்தார். வேறொன்றுமில்லை, ஒரு தகவலுக்காகத்தான். வீட்டு வாசலில் யாரோ கால்வாய்க்குப் பள்ளம் தோண்டி, மூடாமலே போய்விட்டார்கள். பலகை போட்டு நடமாடுகிறோம், கவலைப்பட வேண்டாம்.

சார் துள்ளி எழுந்தார். இரண்டரை மாதத்தில் அவர் முகத்தில் அப்படி ஒரு களையை பேபி பார்த்ததில்லை.

"தோண்டிப் போட்டுட்டுப் போய்ட்டானுங்களா! பியூலா, கேட்டியா? நம்ம வாசல்ல! கேக்க ஆளில்லன்னு நெனச்சுட்டானுங்க!"

டீச்சர் எழுந்து போய்ப் பெட்டியை எடுத்தார்.

பின்கட்டுப் படியில் பேபி இன்னும் ஒரு மதியம் உட்கார்ந்தாள். பிறகு மீன்காரம்மாவுக்குத் தன் எவர்சில்வர் டிபன் டப்பாவைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள்.

தாம்பரத்தில் வந்து இறங்கியபோதுதான் வீட்டை வாடகைக்கு விட்டது நினைவுக்கு வந்தது. யக்ஞநாராயணன் பலகைக்கு அந்தப் பக்கம் நின்று, மிகுந்த மரியாதையோடு ஒப்பந்தத்தை நீட்டினார்.

"எக்காரணம் கொண்டும்னு போட்டிருக்கு சார். கோடும் போட்டிருக்கீங்க."

"நான்தான் சார் ஓனர்!"

"எத்தரப்பும்னும் இருக்கு சார். பசங்க ஸ்கூல் சேர்ந்தாச்சு. ஜூலை முப்பத்தொண்ணு காலைல சாவி உங்க கையில இருக்கும். காபி சாப்டுறீங்களா?"

தன் சொந்த வீட்டில் விருந்தாளியாகக் காபி குடித்துவிட்டு சார் வெளியே வந்தார். ஒரு சட்டை மாற்றலாம் என்று பார்த்தால் சட்டை இருந்த அலமாரியும் உள்ளேதான் இருந்தது. லாட்ஜ் என்றால் ஒன்பது மாதத்துக்குக் கட்டுப்படியாகாது. சொந்தக்காரர் வீடு என்றால் டீச்சர் சம்மதிக்கவில்லை. "சர்ச்சே அழுது வழியனுப்பிச்சிருக்கு. எழுபத்தாறு நாள்ல திரும்பி வந்து நிக்கிறோம்னு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்றது? கடிகாரத்துக்கு இன்னும் பேட்டரி கூட மாத்தல."

இரண்டு பேரும் பெட்டிகளோடு ஜி.எஸ்.டி. சாலையோரத்தில் நின்றார்கள். பேபிக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"நம்ம வூட்டுக்கு வாங்க சார். சின்னதுதான். ஆனா ஃபேன் நல்லா ஓடும்."

பேபி வீட்டில் ஒரு கூடம், ஒரு அறை, ஒரு சமையலறை. அறையில் டீச்சரும் பேபியும் படுத்தார்கள். கூடத்துக் கட்டில் சாருக்கு. அது குப்பனின் கட்டில்தான், ஆனால் குப்பனுக்கு அது பகலில் மட்டும்தானே வேண்டும். சார் காலை எட்டரைக்குக் கட்டிலை விட்டு இறங்குவார், குப்பன் ஏறுவான். போர்வை மடிக்கப்படுவதே இல்லை.

"குட்மார்னிங் குப்பன்."

"குட்நைட்டு சார்."

வாடகை என்று சார் பேச்செடுத்தபோது பேபி காதைப் பொத்திக்கொண்டாள். "டீச்சரம்மா கிட்ட நான் வாடகை வாங்கறதா? வாயக் கழுவுங்க."

டீச்சர் முகக்கவசம் போட்டுக்கொண்டுதான் வெளியே போனார். அதுவும் சந்தின் கோடிவரைதான். மூன்றாவது வாரம் ஒரு காலை, வாசலில் உட்கார்ந்து, கவசத்தைக் கழற்றிவிட்டுச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அப்போது ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. ஜெரூஷா. மூன்று மாதம் முடிந்து பேபி திரும்பியிருப்பாள், டீச்சர் வீட்டில் ஆள் இல்லையே, அவளுக்கு வேலை இருக்காதே, நம் வீட்டுக்குச் சமைக்கக் கூப்பிடலாம் என்று வந்திருந்தாள்.

"பியூலா ஆன்ட்டி!" என்று கத்திவிட்டாள். "நீங்க கம்போடியாவுல..."

பேபி சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். யோசிக்க நேரமில்லை. "இவங்க டீச்சரம்மா இல்லம்மா. டீச்சரம்மாவோட தங்கச்சி. அச்சு அசலா அப்டியே இருப்பாங்க. பேரு கிறிஸ்டினா."

டீச்சர் வெங்காயத்தோடு தலையசைத்தார். வாழ்க்கையில் அவர் சொன்ன முதல் பொய் அது. அதையும் வாய்விட்டுச் சொல்லவில்லை என்பது ஓர் ஆறுதல். அந்த நேரம் பார்த்துக் கூடத்திலிருந்து சாரின் குரல் வந்தது. "பியூலா! என் கண்ணாடியப் பாத்தியா? குப்பன் அதுமேல படுத்துட்டானா பாரு!"

ஜெரூஷா கூடத்துப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு ரொம்ப அடக்கமாகச் சொன்னாள். "கிறிஸ்டினா ஆன்ட்டி, உங்க அக்காகிட்ட சொல்லுங்க. கடிகாரத்தத் திருப்பித் தர வேணாம். ஆனா ஆல்டோ குரல்ல பாட ஆளில்லாம பாட்டு பேஜாராயிடுச்சு. ஞாயித்துக்கிழம வரச் சொல்லுங்க."

டீச்சருக்குக் கண்ணில் நீர் வந்தது. வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டார்.

அன்றைக்கே பேபியின் வேலையும் முடிவானது. ஜெரூஷா வீட்டில் காலைச் சமையல். அதில் ஒரு சிக்கல். காலையில் பேபி அங்கே போய்விட்டால் இங்கே யார் சமைப்பது? எல்லோரும் டீச்சரைப் பார்த்தார்கள். பத்தொன்பது வருஷமாக அவர் அடுப்பங்கரையில் தண்ணீர் குடிக்க மட்டும்தான் நுழைந்திருக்கிறார்.

முதல் நாள் பேபி பசியோடு பதினொரு மணிக்குத் திரும்பி வந்தாள். தட்டு போட்டு, தண்ணீர் வைத்து, டீச்சர் பரிமாறினார். சாம்பாரில் பருப்பு ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம். நடுவில் நீரிணை மாதிரி உப்பு. தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்ட குப்பன் ஒரு வாய் போட்டுவிட்டு, மறுபடி கட்டிலுக்குப் போனான்.

பேபி முழுத் தட்டையும் சாப்பிட்டாள். வெந்திருக்கிறதா இல்லையா என்பது அவள் நாக்கில் படவேயில்லை. வெளியே வேலைக்குப் போய்விட்டு வீடு திரும்பி, யாரோ ஆக்கி வைத்த சோற்றை உட்கார்ந்து சாப்பிடுவது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

"எப்படி இருக்கு?" என்றார் டீச்சர், பரீட்சை எழுதிய பிள்ளை மாதிரி.

"நல்லா கீது டீச்சரம்மா. நாளைக்குக் கொஞ்சம் புளி."

தைக்குள் டீச்சரின் சாம்பார் சேர்ந்துகொண்டது. மாசியில் மீன் குழம்பு வைத்தார். குப்பன் அன்றைக்குத் தூக்கத்தைத் தள்ளிப் போட்டான்.

சாருக்கும் கை நிறைய வேலை. தினமும் காலை தன் வீட்டு வாசலுக்குப் போய், உள்ளே நுழைய முடியாமல், பள்ளத்தைப் பார்த்துவிட்டு வருவார். பதினேழு மனுக்கள். பதினேழாவது மனுவுக்குப் பிறகு பள்ளம் மூடப்பட்டது. யக்ஞநாராயணன் வெளியே வந்து, "ரொம்ப உபகாரம் சார்," என்று இனிப்பு கொடுத்தார். மாலையில் சார் குப்பனோடு பெருங்களத்தூருக்குக் கிளம்புவார். அப்பார்ட்மென்ட் வாசலில் வருகைப் பதிவேட்டை அவர்தான் பார்த்துக்கொண்டார். வருகிறவர்கள் 'நண்பர்' என்று எழுதினால் விடமாட்டார், எந்த வகையில் நண்பர் என்று கேட்டுத் தெளிவாக எழுத வைப்பார். கொரியர்காரர்கள் நடுங்கினார்கள். இரவு எட்டு மணிக்கு பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து, குப்பன் கட்டிலில் ஆனந்தமாகப் படுப்பார்.

"பேபி, யோசிச்சுப் பாத்தா கம்போடியாவ விட இங்க செலவு கம்மி," என்றார் ஒரு நாள்.

"சத்தமா சொல்லாதீங்க சார். அந்தத் தாடிக்காரரு கேட்டா இங்க வந்து ஒக்காந்துக்கப் போறாரு."

ஜூலை முப்பத்தொன்றாம் தேதி, சொன்ன சொல் தவறாமல், யக்ஞநாராயணன் சாவியைக் கொடுத்தார். ஒரு குட்டியானை வண்டியில் பெட்டிகளை ஏற்றினார்கள். சார் வண்டியில் ஏற மூன்று முறை கூப்பிட வேண்டியிருந்தது. கட்டிலுக்குப் போர்வை போதாது என்றார், ஃபேன் ஏதோ சத்தம் போடுகிறது, பார்த்துவிட்டு வருகிறேன் என்றார்.

"நீங்க வாங்க," என்று டீச்சர் அதட்டி ஏற்றினார். பிறகு பேபியிடம் திரும்பினார். "நாளைலேருந்து பழையபடி நம்ம வீட்டுக்கு வந்துடுவியா?"

பேபி தயங்கினாள். "காலைல ஜெரூஷாம்மா வூடு கீது டீச்சரம்மா. சாயங்காலம் வேணா வரேன்."

டீச்சர் தலையசைத்தார். வண்டி ஜி.எஸ்.டி. சாலையில் திரும்பிப் போனது.

மறுநாள் பதினொரு மணிக்கு பேபி வேலை முடிந்து வீட்டுக்கு வந்தாள். கட்டிலில் குப்பன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அடுப்பு சில்லென்று கிடந்தது. எட்டு மாதத்தில் தன் வீட்டில் சமைக்கிற எண்ணமே மறந்துபோயிருந்தது. அரிசி டப்பாவைத் திறந்தாள், மூடினாள். செல்போனை எடுத்தாள்.

"டீச்சரம்மா, இன்னிக்கி இன்னா கொழம்பு?"

"கத்திரிக்கா," என்றார் டீச்சர். "புளி கூடப் போட்டிருக்கேன். சீக்கிரம் வா, சார் எல்லாத்தையும் முடிச்சுடுவார்."

பேபி குப்பனை எழுப்பினாள். "எழுந்திரு. சோறு வெளியூர்ல கீது."